கொப்பரையின் அடியில் நின்றது

டுலூத், மினசோட்டா
ஜூன் 19, 1998

அன்புள்ள ரெய்னோ,

நான் சுகம். உன் முதுகு கப்பல் கட்டிலோடு சமாதானமாகிவிட்டதா?

நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். ஈஸ்ட் வேலை செய்கிறது. நீ போன மறுநாள் காலையே கண்ணாடிக் குடுவையின் வாயில் செருகிய குழாயில் குமிழி வரத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல இருக்கிறது. குடுவையை நிலவறையில் வைத்து, உன் பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றியிருக்கிறேன். வெளிச்சம் பட்டால் பீர் நாறும் என்று கொப்பரை இரவல் தந்த ஹார்லன் சொன்னாரே.

டின்னில் வரும் பார்லிப் பாகைக் கரைத்து அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் நாம் செய்ததெல்லாம் விளையாட்டு என்று இப்போது தெரிகிறது. முழுக்கத் தானியத்திலிருந்து, அதுவும் ஒரே நாளில் ஐந்து கேலன். ஞாயிற்றுக்கிழமையின் கைவலி எனக்கு நேற்றுத்தான் விட்டது. பார்லி ஊறிய தொட்டி அடைத்துக்கொண்டதும் நீ குழாயில் வாய்வைத்து ஊதினாய். சூடான சாறு திரும்பி உன் மூக்கில் ஏறியது. இதை ஆய்வுக்கூடத்தில் சொன்னேன். நகரத்துக்கே குடிதண்ணீர் சோதிக்கிறவள் வீட்டில் இதுவா நடக்கிறது என்று என் மேலதிகாரி கேட்டார். ஹாப்ஸ் பூவை நீ அள்ளி அள்ளிப் போட்டதால் பீர் கசக்கும் என்பது என் கணிப்பு.

ஏரியிலிருந்து குளிர்காற்று வீசுகிறது. மழை இல்லை. கொப்பரையைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். எழுத வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குத் தூங்கு.

உன் தங்கை,
கைசா


ஹ்யூரான் ஏரியிலிருந்து
ஜூலை 2

தண்ணீர் ஆய்வாளர் அம்மாவுக்கு,

முதுகு பரவாயில்லை. பல் ஒன்றுதான் தொந்தரவு செய்கிறது. உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரர் வாளியில் போட்டு அனுப்பிக் கைக்கு வந்தது. இரண்டு பக்கம். ஈஸ்டின் உடல்நிலை விவரமாகத் தெரிந்தது. லொக்கியின் உடல்நிலை?

நான் கிளம்பினால் அவன் சில நாள் என் பூட்ஸ் மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டு சாப்பிடமாட்டான். பந்தய ஓட்டத் திடலில் வளர்ந்த நாய். கூட்டிவந்த முதல் வருடம் மாடிப்படி ஏறக்கூடத் தெரியாது அவனுக்கு. நான்தான் ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்துப் பழக்கினேன். அதனால் கொஞ்சம் கொஞ்சவேண்டும். பட்டினி கிடந்தால் சாதத்தில் கோழிச் சாறு ஊற்றிக் கொடு.

கப்பல் சமையல்காரன் டெல்மர் உன் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி பீரைத் தாலாட்டுறா, நாயைப் பட்டினி போடுறா போலிருக்கே" என்றான். ஆஷ்டபுலாக்காரன், நாற்பது பேருக்கு ரொட்டி சுடுகிற கை. நான் காய்ச்சிய கதையைத் தினமும் கேட்கிறான். கப்பலில் ஒரு சொட்டு மதுவும் கூடாது என்பதால் கதையையாவது குடிக்கிறானாம்.

லொக்கி எப்படி இருக்கிறான் என்று உடனே எழுது.

ரெய்னோ


டுலூத்
ஜூலை 14

அன்புள்ள ரெய்னோ,

பல்லைப் பார்க்க அடுத்த துறைமுகத்திலாவது இறங்கு. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

இதை எப்படி எழுதினாலும் ஒன்றுதான். லொக்கி போய்விட்டான். நீ கிளம்பிய அன்று மாலையே. இதயம். பந்தயத்தில் ஓடிய நாய்களுக்கு இதயம் பெரிதாக இருக்கும், திடீரென்று நின்றுவிடுவதுண்டு என்று டாக்டர் லுண்ட் சொன்னார். வேதனைப்படவில்லை. வேலி ஓரத்துப் பிர்ச் மரத்தடியில் புதைத்திருக்கிறேன். அவன் போர்வையையும் உள்ளே வைத்தேன்.

முதல் கடிதத்தில் எழுதியிருக்கவேண்டும். எழுத உட்கார்ந்தேன்; ஈஸ்டைப் பற்றித்தான் எழுத வந்தது.

வேறு யாரிடமிருந்தும் உனக்குத் தெரியவேண்டாம் என்று உடனே அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

கைசா


டுலூத்
ஜூலை 15

மதிப்புக்குரிய ஹார்லன் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் இடுப்புச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. நீங்கள் இரவல் தந்த கொப்பரையையும் செப்புக் குழாயையும் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை எழுதியாகவேண்டும். நேரில் என்னால் சொல்லமுடியாது.

நாங்கள் காய்ச்சிய அன்று, சாற்றைக் குடுவையில் இறக்கியபின் கொப்பரையின் அடியில் ஹாப்ஸ் சக்கை நின்றது. பச்சைக் குழம்பு மாதிரி, இனிப்பு வாசனையோடு. அதை உரக்குப்பையில் போட்டால் ரோஜாவுக்கு நல்லது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ரெய்னோ அப்படியே கொட்டகைக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுக் கப்பலுக்குப் போனான். அவன் நாய் அதைத் தின்றுவிட்டது. அன்றே இறந்துவிட்டது.

டாக்டர் லுண்ட் முதலில், "வெயில்ல விட்டீங்களா? கார்ல பூட்டி வெச்சீங்களா?" என்றுதான் கேட்டார். அன்று வெயிலே இல்லை. வாந்தியில் பச்சை இலைத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். சொன்னேன். விஷத் தகவல் மையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்தது. ஹாப்ஸ் நாயின் உடம்பைக் கொதிக்கவைத்துவிடுமாம். பந்தய நாய்களை இன்னும் மோசமாகத் தாக்குமாம். அந்த மையத்துக்கே சில நாய்களைப் பற்றித்தான் தெரிந்திருந்தது. அவர் வெப்பமானியில் பாதரசம் கோடுகளைத் தாண்டிப் போய்விட்டது.

உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிற உங்கள் சங்கத்தில் நாய் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். எங்கள் பெயர் மட்டும் வேண்டாம். ரெய்னோவிடம் இதயக்கோளாறு என்று எழுதியிருக்கிறேன். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த நாய்தான் இருந்தது. தன் கையாலேயே அது போனது என்று தெரிந்தால் ஏரி நடுவில், அத்தனை இரும்புக்கு நடுவில், அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியவேண்டாம்.

தங்கள்,
கைசா ஹுக்கலா


சுப்பீரியர், விஸ்கான்சின்
ஜூலை 22

அன்புள்ள கைசாவுக்கு,

இவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். அதன்பின் சாப்பிடவில்லை. இருபது வருடமாக அந்தச் சக்கையைக் கொட்டகைக்குப் பின்னால்தான் கொட்டுகிறேன். எங்கள் வீட்டில் பூனைதான்; அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. யோசனை சொன்னவன் நான். அதை என்ன செய்வது என்று நீயும் எழுதவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சொன்னேன். பாதிப்பேர் நம்பவில்லை. "பூவைத் தின்னு நாய் சாகுமா, சும்மா இருங்க" என்றான் ஒருவன். அவனிடம் இரண்டு நாய். மறுபடியும் சொன்னேன், இந்தமுறை கத்தி.

ரெய்னோவிடம் நான் வாய்திறக்கமாட்டேன். ஆனால் அவன் மறுபடியும் காய்ச்சுவான், கைசா. காய்ச்சத் தொடங்கியவன் எவனும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அன்றைக்கு என்ன சொல்வாய்?

கொப்பரையைக் கொண்டுவர அவசரமில்லை.

ஹார்லன்


மிச்சிகன் ஏரியிலிருந்து
ஆகஸ்ட் 9

கைசாவுக்கு,

நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. உன் கடிதம் வந்து நாளாயிற்று. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். கோபமில்லை.

நீ தனியாக அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய், தனியாகக் குழி வெட்டியிருக்கிறாய். நான் அப்போது வளைகுடாவின் அந்தப் பக்கம், தாது ஏற்றும் மேடையடியில், டெல்மரோடு சீட்டாடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை நினைத்துத்தான் தூங்குகிறேன். அந்த நாள் நல்ல நாள். காலையிலிருந்து அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தான். பார்லியைக் கிளறுகிற மரத்துடுப்பால் அவன் முதுகைச் சொறிந்துவிட்டேன், நீ திட்டினாய், துடுப்பைக் கழுவினேன். கொப்பரையைக் கவிழ்த்தபோது வாலை ஆட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். அவன் கடைசி நாள் அப்படி அமைந்ததே என்று இருக்கிறது. அந்த பீர் இனி எனக்குச் சும்மா பீர் இல்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இந்த மாத விடுப்பை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். வெறும் வீட்டுக்கு வர மனமில்லை. பருவம் முடிந்ததும் வருகிறேன். டெல்மர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

ரெய்னோ


டுலூத்
ஆகஸ்ட் 19

அன்புள்ள ரெய்னோ,

பல் போனது நல்லது. எனக்கு ஒரு வாரமாகச் சளி; இப்போது குறைந்துவிட்டது.

பீரைப் போன மாதமே புட்டிகளில் அடைத்துவிட்டேன். ஒன்றைத் திறந்து பார்த்தேன். நுரை நன்றாக நிற்கிறது, நிறம் தேன்போல. குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஒரு வாய்க்குமேல் குடிக்கவில்லை. சளி.

நீ அந்த நாளைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பலமுறை படித்தேன். குப்பைமேட்டை எடுத்துவிட்டு அங்கே சரளைக்கல் பரப்பியிருக்கிறேன். வந்து பார்த்து ஏன் என்று கேட்காதே.

விடுப்பில் வந்திருக்கலாம். ஆனால் நீ வரவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கைசா


கேரி துறைமுகம்
ஆகஸ்ட் 31

சளிபிடித்த ஆய்வாளருக்கு,

இஞ்சியைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி. நான் சுகமே. நிம்மதி என்று நீ எழுதியது புரியவில்லை, போகட்டும். கல் பரப்பினால் என்ன, மண் உன்னுடையதும்தான்.

வெகுநாள் கழித்துச் சிரித்தேன், அதை எழுதவேண்டும். டெல்மர் காய்ச்சப்போகிறான். கப்பலில் இல்லை, அவன் வீட்டில். செப்டம்பர் ஐந்தாம் தேதி விடுப்பில் இறங்குகிறான், பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை அடுப்பேற்றுகிறான். "ரொட்டி சுடுறவனுக்கு ஈஸ்ட் என்ன அந்நியமா? உன்னோடது அஞ்சு கேலன்னா என்னோடது பத்து" என்கிறான். தானியத்தை எவ்வளவு சூட்டில் ஊறவைப்பது, தொட்டி அடைத்தால் எப்படி ஊதுவது (மூக்கைப் பொத்திக்கொண்டு), பூவை எப்போது போடுவது, எல்லாவற்றையும் அவன் சமையலறையிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். சக்கையை வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தடியில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். பத்து கேலன் என்றால் ஒரு வாளி நிறைய வரும்.

அவன் வீட்டில் மேயர் என்று ஒரு லாப்ரடார் நாய். ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்பதால் அந்தப் பெயராம். லொக்கியைப் பற்றி இப்போதெல்லாம் அவனிடம் நிறுத்தாமல் பேசமுடிகிறது.

நீயும் அடுத்த கொப்பரைக்குத் தயாராக இரு.

ரெய்னோ


டுலூத்
செப்டம்பர் 11, வெள்ளி

ரெய்னோ,

இது உன் கைக்கு வருமுன் கப்பலுக்கு ஒரு செய்தி வந்திருக்கும். அதைப் படித்து நீ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருப்பாய். அப்படித் தெரிந்துகொண்டிருக்கக்கூடாது. எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. நின்றபடியே படித்தேன். ஆப்பிள் மரமும் மேயரும் வந்த இடத்தை மறுபடி படித்தேன். டெல்மரின் குடும்பப் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி அவர் வீட்டு எண்ணைக் கேட்டேன். தரமுடியாது, விதி என்றார் அங்கிருந்தவர். அப்படியானால் கப்பலுக்கு அவசரச் செய்தி அனுப்புங்கள் என்றேன்.

"யாராவது இறந்துட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அவசரம் இல்லையே."

"இன்னைக்கே சொல்லணும். நாளைக்குச் சொன்னா பிரயோசனம் இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாய்க்காகக் கப்பலைக் கூப்பிடுவதா என்று சிரித்தார். அழுதேனோ என்னவோ, சிரிப்பை நிறுத்தினார். "சரி, சொல்லுங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று எழுதிக்கொண்டார். ஹாப்ஸ் சக்கை நாய்க்கு விஷம், டெல்மர் வீட்டில் உடனே சொல்லவும், கைசா. அவ்வளவுதான் சொல்லமுடிந்தது. அதில் உனக்கு என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

லொக்கிக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் லுண்ட் அப்படிச் சொல்லவும் இல்லை. நான்தான் சொன்னேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

கைசா


ஹ்யூரான் ஏரியிலிருந்து
அக்டோபர் 2

கைசா,

மேயர் பிழைத்துவிட்டான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை கேப்டன் தானே கீழே இறங்கிவந்து உன் செய்தி எழுதிய சீட்டைக் கொடுத்தார். "உனக்குப் புரியுதா பாரு, எனக்குப் புரியல" என்றார். எனக்கும் புரியவில்லை. டெல்மரின் நாயைப் பற்றி உனக்கு என்ன கவலை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தவன் கண்ணில் வந்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கேப்டன் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை.

கரை எட்டாத இடத்தில் இருந்தோம். வானொலித் தொலைபேசிதான் வழி. அதில் பேசினால் ஏரியில் இருக்கிற அத்தனை கப்பலும் கேட்கும். எவன் பெண்டாட்டி எவனைத் திட்டுகிறாள் என்று கேட்பதுதானே எங்களுக்குப் பொழுதுபோக்கு. டெல்மரின் மனைவி எடுத்தாள். "கொப்பரை முன்னாடி மந்திரவாதி மாதிரி நிக்கிறாரு, கூப்பிடணுமா?" என்றாள். கூப்பிடச் சொன்னேன்.

டெல்மர் வந்தான். "என்னடா, கணக்கு மறந்துபோச்சா? இப்பத்தான் பூவைப் போட்டேன். ஓவர்."

"டெல்மர், மேயரை உள்ள கட்டு. சக்கையைக் கீழ கொட்டாத. நாய்க்கு அது விஷம். ஓவர்."

"விளையாடாத. நீதானே மரத்தடியில கொட்டச் சொன்ன. உங்க வீட்ல கொட்டினதா சொன்னியே. ஓவர்."

பொத்தானை அழுத்தினேன். கேப்டன் பக்கத்தில் நிற்கிறார். அப்புறம் சொன்னேன். "ஆமா, கொட்டினேன். லொக்கி அதைத் தின்னுதான் செத்தான். நான்தான் கொட்டினேன். ஓவர்."

அந்த ஓவர் என்ற வார்த்தையையும் சொல்லவேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் அவன் பேசமாட்டான்.

அவன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு மேயரை உள்ளே கூப்பிடுவது கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். அப்போது யாரோ, எந்தக் கப்பலோ தெரியாது, "நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என் மச்சான் வீட்ல காய்ச்சுறான், அவன்கிட்ட நாய் இருக்கு. என்ன பூ அது? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். சொன்னேன். இன்னொருவன் கேட்டான். அவனுக்கும் சொன்னேன். என் நாய் எப்படிச் செத்தது என்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன், கைசா. அவர்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டியிருந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொட்டியதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதப்போவதில்லை. அது எனக்கும் அவனுக்கும். ஆனால் அந்த நாளை நான் கொஞ்சிக் கொஞ்சி எழுதியதை நீ படித்தாய். பலமுறை படித்ததாக எழுதினாய். என்னால் எதைத் தாங்கமுடியும் என்று கணக்குப் போட உன்னிடம் யார் சொன்னது? உன் கணக்குப்படி நடந்திருந்தால் மேயரும் இன்று மண்ணுக்குள்.

அந்த மாலை என்ன நடந்தது என்று எழுது. வேதனைப்படவில்லை என்பது போன்றதெல்லாம் வேண்டாம். ஒன்றையும் விடாமல் எழுது.

ரெய்னோ


டுலூத்
அக்டோபர் 14

ரெய்னோ,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

நீ போனதும் நான் மாடியில் படித்துக்கொண்டிருந்தேன். லொக்கி முற்றத்தில் இருந்தான். இரைக்கிற சத்தம் கேட்டு இறங்கிவந்தேன். பந்தயம் முடிந்த நாய்போல இரைத்தான், ஆனால் எங்கும் ஓடியிருக்கவில்லை. வேலியோரம் போவதும் திரும்புவதுமாக இருந்தான், படுக்கமுடியவில்லை. தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. அவனைத் தூக்கி வண்டியில் போட்டேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை.

டாக்டர் லுண்ட் அவனைப் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கினார். நரம்பில் மருந்து ஏற்றினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டிக்குள் அவன் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன, திடலில் ஓடுவதைப்போலவே. பனிக்கட்டி வெளியே சிதறியது. என்னைப் பார்த்தபடியே ஓடினான். வேதனைப்பட்டான், ரெய்னோ. வெகுநேரம். பிறகு பின்னங்கால்கள் நின்றன, பிறகு முன்னங்கால்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது இன்னும் சாயவில்லை.

நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது.

நான் வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில் ஈஸ்ட் உறை இருந்தது. காலையில் அதைத் தட்டி உள்ளே இருக்கும் பையை உடைத்துவிட்டு, "உப்பினதும் குடுவையில ஊத்திடு, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். உறை தலையணை மாதிரி உப்பி நின்றது. என் சட்டையெல்லாம் ஈரம். நான் கையைக் கழுவினேன். கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். உறையை வெட்டி ஊற்றினேன். குழாயைச் செருகினேன், அதில் தண்ணீர் விட்டேன். குடுவையை ஆட்டினேன். நீ சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒன்றைக்கூட விடவில்லை. தரையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், லொக்கி இன்னும் வண்டிக்குள் இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

எப்படிப்பட்டவள் அப்படிச் செய்வாள் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று ஹார்லனுக்கு எழுதினேன். அது பாதிதான் உண்மை. உண்மையைச் சொன்னால் இதையும் சொல்லவேண்டியிருக்கும்.

ஒன்றையும் விடவில்லை.

கைசா


டொலிடோ, ஒஹையோ
டிசம்பர் 18

கைசாவுக்கு,

கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிவிட்டோம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பாதே. ஆனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ?

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். நமக்குள் அந்த மாதிரிப் பொய்கள் இனி வேண்டாம்.

உன் கடிதத்தை டெல்மரிடம் படித்துக்காட்டினேன். உன்னைக் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. நீ ஈஸ்டை ஊற்றிய இடத்தில் என்னால் மேலே படிக்கமுடியவில்லை. அவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். கையை நிறுத்தாமல் சொன்னான், அவன் அப்பா ரயில்வே யார்டில் அடிபட்டு இறந்த அன்று, ஆள் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் அம்மா திரும்பிப்போய் ரொட்டியை அடுப்பில் வைத்தாளாம். ஊரெல்லாம் அதைப் பேசியதாம். "மாவு பொங்கிடுச்சுல்ல. வேற என்ன பண்ணுவா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதுமா என்று தெரியவில்லை. உனக்குப் போதுமா என்று பார்.

புட்டிகளைக் கொட்டிவிடாதே. எனக்காகக் குளிரவைக்கவும் வேண்டாம்.

டெல்மர் என்னை வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். நம் ஊரில் பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்கவேண்டுமாம். அவனுக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவோம். மேயரும் வருகிறான். நீ கதவைத் திறந்ததும் ஒரு நாய் உன்மேல் பாயும். பதறாதே.

அவன் தின்னக்கூடாதது ஏதாவது கிடக்கிறதா என்று அதற்குள் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவை. வந்ததும் நானும் பார்க்கிறேன்.

ரெய்னோ